தண்ணி டீச்சரின் வலது கை

என் அண்ணியை இந்த ஊர்ப் பெண்களில் பாதிப் பேருக்குத் 'தண்ணி டீச்சர்' என்று சொன்னால்தான் தெரியும். நகராட்சி நீச்சல் குளத்தில் பெண்களுக்கு நீச்சல் சொல்லிக் கொடுப்பவர். பட்டப்பெயர் வந்த புதிதில் என் அண்ணனுக்குக் கொஞ்சம் சங்கடம்.

"வெளியூர்க்காரன் யாராவது கேட்டா என்ன நினைப்பான்? சாயங்காலமானா நீ வேற மாதிரி தண்ணியில இருப்பேன்னு நினைச்சுக்குவான்."

"நினைச்சுட்டுப் போகட்டும். அந்தத் தண்ணி ஆளைக் கவுக்கும். என் தண்ணி ஆளை மிதக்க வைக்கும்" என்று அண்ணி சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு அண்ணனே வாஷிங் மெஷின் ரிப்பேருக்குப் போகிற வீடுகளில், "நான் தண்ணி டீச்சர் வீட்டுக்காரர்" என்று பெருமையாகச் சொல்லிக்கொள்ள ஆரம்பித்தார்.

நான் அண்ணனுக்கு ஒரே தங்கை. அவர்கள் வீட்டு மாடியில் இருக்கிறேன். குளத்தில் டிக்கெட் கொடுக்கும் வேலை. அதை வாங்கிக் கொடுத்ததும் அண்ணிதான். அண்ணியும் நாத்தனாரும் ஒரே வீட்டில் இருந்து ஒரே இடத்துக்கு வேலைக்குப் போகிறார்கள் என்றால் கேட்பவர்கள் நம்பமாட்டார்கள். சண்டை வராமல் இல்லை. ஆனால் பேருந்தில் பக்கத்துப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்துகொண்டு எவ்வளவு நேரம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருப்பது?

அண்ணி டீச்சராகக் குளத்துக்குள் வரவில்லை. உடை மாற்றும் அறையைக் கழுவித் துடைக்கும் வேலைக்குத்தான் வந்தார். அப்போது அவருக்கு நீச்சல் தெரியாது. தினமும் ஒரு பெண் வந்து, உடை மாற்றிக்கொண்டு, குளத்து விளிம்பில் உட்கார்ந்து காலை மட்டும் நனைத்துவிட்டுத் திரும்பிப் போவதை அவர் பார்த்திருக்கிறார். ஒருநாள் கேட்டே விட்டார். அந்தப் பெண், "சொல்லித்தர ஆள் எல்லாம் ஆம்பளைங்க. கூச்சமா இருக்கு" என்றாளாம். அண்ணி துடைப்பத்தைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு மேலாளரிடம் போய், "வேலை முடிஞ்சதும் நான் நீச்சல் கத்துக்கலாமா?" என்று கேட்டார். மூன்றாவது வருடம் பயிற்சியாளர் சான்றிதழ் வாங்கினார். முதல் மாணவி யார் என்று சொல்லத் தேவையில்லை.

அவர் சொல்லிக் கொடுக்கும் அழகே தனி. பயந்தவர்களை ஒருபோதும் கேலி செய்யமாட்டார். கழுத்தளவுத் தண்ணீரில் நின்று, இரண்டு உள்ளங்கைகளையும் அவர்கள் முதுகுக்குக் கீழே கொடுத்து மிதக்க வைப்பார். "என் கை இருக்கு, என் கை இருக்கு" என்று சொல்லிக்கொண்டே ஒரு விரல், இரண்டு விரல் என்று மெல்ல எடுத்துவிடுவார். மாணவி மிதந்துகொண்டிருப்பாள், அண்ணி காதைச் சொறிந்துகொண்டு நிற்பார். அந்தக் கூரை போட்ட குளத்தில் எல்லாக் குரலும் எதிரொலித்துக் குழம்பிப் போகும். அண்ணியின் குரல் மட்டும் கூட்டத்தைப் பிளந்துகொண்டு கடைசி லேனுக்குப் போய்ச் சேரும்.

நாற்பதைத் தாண்டிய சமயத்தில் அவருக்குச் சுகர் வந்தது. மற்றவர்களைப் போல அழுது புலம்பவில்லை. டாக்டர் சொன்னதைக் கேட்டார், சாப்பாட்டை மாற்றினார், மாத்திரையை ஒரு வேளைகூடத் தவறவிட்டதில்லை. தண்ணீரில் நிறைய நேரம் இருப்பதால் சில நாள் சுகர் சட்டென்று இறங்கிவிடும். வியர்க்கும், கை நடுங்கும், கண் இருட்டும். அதற்காகக் குளத்து விளிம்பில், விசிலுக்குப் பக்கத்தில், திருகு மூடி போட்ட ஒரு சின்ன டப்பாவில் குளுக்கோஸ் மாத்திரைகள் வைத்திருப்பார். இரண்டை வாயில் போட்டுக்கொண்டு கொஞ்சம் உட்கார்ந்தால் சரியாகிவிடும்.

சில வருடம் கழித்து எனக்கும் சுகர் என்று தெரிந்தபோது நான் பிழியப் பிழிய அழுதேன். அண்ணி என் தட்டில் இருந்ததில் பாதியை எடுத்து அண்ணன் தட்டில் வைத்துவிட்டு, "வா வா, நம்ம கட்சியில சேர்ந்துட்ட. தலைவர் நான்தான். ஒழுங்கா இருந்தா ஒண்ணும் ஆகாது" என்றார். 'ஒழுங்கா இருந்தா ஒண்ணும் ஆகாது' என்பதை அவர் மனதார நம்பினார்.

அதன் பிறகு ஒவ்வொன்றாக வந்தன. ஒவ்வொன்றுக்கும் நாங்கள் சுகரையே கைகாட்டினோம்.

முதலில் வலது தோள்பட்டை இறுகிக்கொண்டது. கையைத் தலைக்கு மேலே தூக்க முடியவில்லை. சுகர்காரர்களுக்குத் தோள் இறுகுவது சகஜம் என்றார் டாக்டர். அது உண்மைதான். பயிற்சி கொடுத்தார்கள், வலி போனது. ஆனால் கை பழையபடி நீளவில்லை. அடுத்து நடை. செருப்பு தரையில் உரசும் சத்தம் கேட்டே அண்ணி வருகிறார் என்று தெரிந்துகொள்ளலாம் என்று ஆனது. சுகரால் பாதம் மரத்துப் போயிருக்கும் என்று புதுச் செருப்பு வாங்கினோம். அதுவும் உரசியது.

நடுவில் ஒருநாள் பம்ப் ரூம்காரர் குளோரினை அளவு தெரியாமல் கூட்டி விட்டுவிட்டார். எனக்குக் கவுன்ட்டர் வரைக்கும் நெடி வந்து கண் எரிந்தது. ஓடிப்போய்ப் பார்த்தால், மாணவிகள் எல்லாரும் இருமிக்கொண்டு கரையேறி நிற்கிறார்கள், அண்ணி மட்டும் தண்ணீருக்குள் நின்றுகொண்டு, "என்னடி, எல்லாரும் ஏன் ஓடுறீங்க?" என்று கேட்கிறார்.

"அண்ணி, உங்களுக்கு வாசனையே தெரியலையா?"

"என்ன வாசனை?"

பம்ப் ரூம்காரர் சிவந்த கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இத்தனை வருஷம் இந்தத் தண்ணியிலேயே கெடந்து டீச்சர் மூக்கு செத்துப் போச்சு" என்றார். நாங்கள் சிரித்தோம். அண்ணியும் சிரித்தார்.

குரலும் அடங்க ஆரம்பித்தது. ஆனால் அது அண்ணிக்குத் தெரியவில்லை. "இந்த வருஷம் வந்த பேட்ச்ல பாதிப் பேருக்குக் காது மந்தம்" என்பார். வீட்டில் அண்ணன், "என்ன சொன்ன?" என்று இரண்டு முறை கேட்டால், "காதை டாக்டர்கிட்ட காட்டுங்க" என்று கோபப்படுவார். பாவம், அண்ணன் போய்க் காட்டிவிட்டும் வந்தார். காது சுத்தமாக இருக்கிறது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

கடைசியாக வந்ததுதான் கை நடுக்கம். வலது கை. வேலை செய்யும்போது இல்லை. மடியில் சும்மா வைத்திருக்கும்போது. கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் ஏதோ ஒரு சின்ன உருண்டையை உருட்டுவது போல ஒன்றோடொன்று தேய்ந்துகொண்டே இருக்கும். அண்ணிக்கு அதில் சந்தேகமே இல்லை. நடுக்கம் என்றால் சுகர் இறங்கிவிட்டது என்றுதானே இத்தனை வருடப் பழக்கம்? டப்பாவைத் திறப்பார், மாத்திரையைப் போட்டுக்கொள்வார், நடுக்கம் நின்றுவிடும். "பார்த்தியா, உடனே கேக்குது" என்பார். நாள் போகப் போக, டப்பா சீக்கிரம் சீக்கிரமாகக் காலியாக ஆரம்பித்தது.

சுகர் டாக்டர் குழம்பிப் போனார். "நீங்க இவ்வளவு கட்டுப்பாடா இருக்கீங்க, அப்புறம் ஏன் சுகர் இப்படி ஏறுது?" என்று மாத்திரையின் அளவைக் கூட்டினார். அண்ணி வீட்டுக்கு வந்து தன் சாப்பாட்டை இன்னும் குறைத்துக்கொண்டார். எங்கள் வீட்டில் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. இருந்தும் எல்லாருமாகச் சேர்ந்து தப்பான பக்கமே போய்க்கொண்டிருந்தோம்.

நீந்தும்போதும் ஒரு பக்கமாகவே போனார். வகுப்பு முடிந்ததும் தனக்காக நீந்துவது அவர் வழக்கம். நூல் பிடித்த மாதிரி நேராகப் போகிறவர், லேனின் வலப்பக்கக் கயிற்றில் போய் மோத ஆரம்பித்தார். வலது கை சின்னதாக இழுக்க, இடது கை பெரிதாக இழுக்க, உடம்பு வலப்பக்கமாகத் திரும்பிவிடும். கரையில் இருந்து பார்த்த எனக்கு அது புரியவில்லை. அண்ணி, "கயிறு தொளதொளன்னு ஆயிடுச்சு, பம்ப் ரூம்காரர்கிட்ட சொல்லி இழுத்துக் கட்டச் சொல்லு" என்றார். அவரும் வந்து இழுத்துக் கட்டினார்.

அப்போது வகுப்பில் பேக்கரி அக்கா என்று ஒருவர் இருந்தார். கடைத்தெருவில் பேக்கரி வைத்திருப்பவர். ஆள் நல்ல உயரம், மாவு மூட்டை தூக்கித் தூக்கி இறுகிய கைகள். ஐம்பது வயதில் நீச்சல் கற்க வந்து, வந்த வேகத்தில் கற்றுக்கொண்டு, மூழ்குகிறவர்களைக் காப்பாற்றும் பாடம்வரை வந்துவிட்டார். சந்தேகம் கேட்பதில் மகாராணி. ஒரு பாடத்தைச் சொன்னால் ஏன், எதற்கு, எப்படி என்று மூன்றையும் கேட்காமல் விடமாட்டார்.

அன்று காலை அண்ணி, ஃப்ரீ ஸ்டைலில் மூச்சு எடுப்பது எப்படி என்று காட்டுவதற்காக ஆழமான பக்கத்தில் இறங்கினார். மாணவிகள் விளிம்பில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். பாதி தூரம் போனவர், தலையைத் திருப்பி மூச்செடுத்தபோது உடம்பு முழுவதும் உருண்டுவிட்டது. மல்லாந்து மிதக்கப் பார்த்தார், முடியவில்லை. பல்லாயிரம் முறை மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுத்த அந்த மிதப்பு அவருக்கே வரவில்லை. கை தண்ணீரைத் தேடியது, கால் கீழே போனது.

மாணவிகள் முதலில் இதுவும் ஒரு பாடம் என்று நினைத்திருக்கிறார்கள். மூழ்குகிறவர் எப்படி மூழ்குவார் என்று டீச்சர் நடித்துக் காட்டுகிறார் என்று ஒருத்தி சொன்னாளாம். பேக்கரி அக்கா மட்டும் எழுந்து நின்று, "இல்லடி, அது நிஜம்" என்று சொல்லிக் குதித்தார். பின்னால் இருந்து தாடையைப் பிடித்து, தலையைத் தண்ணீருக்கு மேலே நிறுத்தி, அண்ணி சொல்லிக் கொடுத்த பிடியிலேயே அண்ணியை இழுத்துவந்தார். யாரோ நீளமாக விசில் ஊதினார்கள். நான் கைப்பையோடு கவுன்ட்டரில் இருந்து ஓடினேன்.

அண்ணி பெஞ்சில் துண்டைப் போர்த்தியபடி இருமிக்கொண்டிருந்தார். முகம் வெளுத்திருந்தது. வலது கை மடியில் கிடந்து, விரல்கள் அந்த உருண்டையை உருட்டிக்கொண்டிருந்தன.

"சுகர் இறங்கிடுச்சு" என்றார். குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. "டப்பாவை எடு."

என் பையில் எப்போதும் மீட்டர் இருக்கும். அவர் இடது கை விரலைத் துடைத்துக் காயவைத்து, குத்திப் பார்த்தேன். இருநூற்று நாற்பதைத் தாண்டியிருந்தது.

"மெஷின் தப்பு" என்றார் அண்ணி.

நான் என் விரலைக் குத்திப் பார்த்தேன். எனக்கு வழக்கமாக வருவதுதான் வந்தது. மறுபடி அவருடைய விரலில் பார்த்தேன். அதே இருநூற்று நாற்பது.

"எனக்குத் தெரியாதா என் உடம்பு? மாத்திரை போட்டா நின்னுடும் பாரு" என்று சொல்லி அண்ணியே டப்பாவை எடுக்கக் கையை நீட்டினார்.

எதிரில் சொட்டச் சொட்ட நின்றுகொண்டிருந்த பேக்கரி அக்கா, "டீச்சர், ஒரு நிமிஷம்" என்றார். "கையை நீட்டினதுமே நடுக்கம் நின்னுடுச்சு. நீங்க இன்னும் மாத்திரையைத் திங்கவே இல்லையே?"

அண்ணி தன் கையைப் பார்த்தார். டப்பாவைப் பிடித்திருந்த கை ஆடாமல் இருந்தது. மெதுவாக டப்பாவை வைத்துவிட்டுக் கையை மடியில் போட்டார். கொஞ்ச நேரம் எதுவும் இல்லை. பிறகு விரல்கள் மறுபடி உருட்ட ஆரம்பித்தன. நாங்கள் மூவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

சுகர் டாக்டர் நல்ல மனிதர். நடந்ததை எல்லாம் கேட்டுவிட்டு, அண்ணியை அறையில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடக்கச் சொன்னார். "நானும் எல்லாத்தையும் சுகர் கணக்குலயே எழுதிட்டேன்மா. தோளு, காலு, எல்லாம். ஒரு நரம்பு டாக்டர் பார்க்கட்டும்" என்றார்.

நரம்பு டாக்டர் ஒரு பெண். எங்கள் பக்கத்து வீட்டுப் பெண் போலப் பேசினார். கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் அகலமாகத் திறந்து திறந்து தட்டச் சொன்னார். இடது கை தட்டிக்கொண்டே இருந்தது. வலது கை போகப் போகச் சுருங்கி, நடுவில் நின்று, மறுபடி ஆரம்பித்தது. மணிக்கட்டைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். நடக்கும்போது வலது கை வீசாமல் பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருப்பதை எங்களுக்கும் காட்டினார். வாசனை தெரிகிறதா என்று கேட்டார். அண்ணனும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அன்றைக்குக் குளோரின் நெடி தெரியாமல் அண்ணி குளத்தில் நின்றதை நான்தான் சொன்னேன்.

"இது பார்க்கின்சன் மாதிரிதான் இருக்கு" என்றார் டாக்டர். "மூளையில டோபமைன்னு ஒரு பொருளைச் சுரக்கற செல்லுங்க கொஞ்சம் கொஞ்சமா குறைஞ்சுட்டு வருது. அதனால அசைவு சின்னதா ஆயிடும். நடை, குரல், கை எல்லாமே. மருந்து கொடுத்துப் பார்ப்போம். நல்லாக் கேட்டுச்சுன்னா இன்னும் உறுதியாயிடும். குணமாக்க முடியாது, ஆனா நல்லபடியா ரொம்ப வருஷம் ஓட்டலாம்."

அண்ணி ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "இது சுகரால வந்துச்சா டாக்டர்?"

டாக்டர் நாற்காலியை அண்ணி பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். "உங்க ஒருத்தர் விஷயத்துல ஆமான்னும் சொல்ல முடியாது, இல்லைன்னும் சொல்ல முடியாது. லட்சக்கணக்கான பேரை வருஷக்கணக்கா கவனிச்சுப் பார்த்ததுல, சுகர் இருக்கறவங்களுக்கு இது வர்ற வாய்ப்பு மத்தவங்களைவிடக் கொஞ்சம் அதிகம்னு பெரும்பாலான ஆய்வுகள் சொல்லுது. எல்லா ஆய்வும் அப்படிச் சொல்லல. ஏன்னும் முழுசாத் தெரியல. மூளைக்கும் இன்சுலின் வேணும், அது அங்க சரியா வேலை செய்யாதப்ப செல்லுங்க நலிஞ்சு போகுதோன்னு ஒரு கருத்து இருக்கு."

நான் குறுக்கே புகுந்தேன். "அப்போ, எனக்கும் சுகர் இருக்கே டாக்டர். எனக்கும் வருமா?"

"கொஞ்சம் அதிகம்னா, கொஞ்சம்தான்மா. சுகர் இருக்கறவங்கள்ல ரொம்பப் பெரும்பாலானவங்களுக்கு இது வர்றதே இல்ல. பயந்துட்டு உக்கார வேண்டாம். சுகரைக் கட்டுப்பாட்டுல வைங்க, உடம்பை அசைச்சுட்டே இருங்க. அது எப்படியும் நல்லது."

"இவளுக்கு வராது டாக்டர்" என்றார் அண்ணி. "இவ எல்லாத்துலயும் லேட்டு. பஸ்ஸையே ஓடித்தான் பிடிப்பா."

அந்த நேரத்திலும் அப்படிப் பேச ஒரு மனசு வேண்டும். டாக்டரே சிரித்துவிட்டார். ஆனால் தனியாகத் தண்ணீரில் இறங்கக் கூடாது, இந்த நோய் வந்தவர்களில் நன்றாக நீந்தத் தெரிந்த சிலருக்கும் தண்ணீரில் உடம்பு ஒத்துழைக்காமல் போய்விடுகிறது என்று அவர் சொன்னபோது அண்ணியின் முகத்தில் இருந்த சிரிப்பு அணைந்துவிட்டது.

மருந்து கேட்டது. நடை கொஞ்சம் இளகியது, கை நடுக்கம் குறைந்தது. குளுக்கோஸ் மாத்திரைகளைச் சும்மா சும்மா போடாததால் சுகரும் இறங்கியது. சுகர் மாத்திரையையும் டாக்டர் குறைத்தார். ஆனால் அண்ணி வேலையை விடுவதாகக் குளத்து மேலாளரிடம் சொல்லிவிட்டு வந்துவிட்டார். யாரும் போகச் சொல்லவில்லை. சொல்வதற்கு முன்னால் தானே போய்விட வேண்டும் என்பது அவர் ரோஷம். நீச்சல் உடைகளை எல்லாம் பையில் கட்டி அலமாரியின் மேலே ஏற்றிவிட்டார்.

அந்த மாதங்களில்தான் அவர் உடைந்துபோனதை நான் பார்த்தேன். ஒரு மத்தியானம், அண்ணன் ஏதோ ஒரு வீட்டு மோட்டாரைக் கூடத்தில் பிரித்துப் போட்டுச் சரி செய்துகொண்டிருந்தார். நான் சுகர் பார்க்க மீட்டரை எடுத்தேன். அண்ணி அதைப் பிடுங்கிச் சோபாவில் வீசினார்.

"எதுக்குக் குத்திக்கிட்டே இருக்கணும்? நான் ஒழுங்கா இல்லையா? எத்தனை வருஷம் வாயைக் கட்டினேன்! ஒரு நாளு, ஒரு வேளை தப்பினேனா? கண்டதைத் தின்னுட்டுத் திரியறவங்க எல்லாம் நல்லா இருக்காங்க. என் கைதான் கெடைச்சுதா?"

அண்ணன் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தார். கையெல்லாம் கிரீஸ். வந்து அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

"நீ ஒழுங்கா இருந்ததுனாலதான் உன் கண்ணு நல்லா இருக்கு, கிட்னி நல்லா இருக்கு. அதை ஏன் விட்டுட்டுப் பேசுற?"

"இது மட்டும் ஏன் வந்துச்சு?"

"தெரியல" என்றார் அண்ணன். "எனக்கு மோட்டார்னா எங்க போச்சுன்னு பிரிச்சுப் பார்த்துச் சொல்லிடுவேன். இது எனக்குத் தெரியல."

அண்ணி அழுதார். அண்ணன் துடைக்கப் போக, கன்னத்தில் எல்லாம் கிரீஸ் ஆகிவிட்டது. அதைப் பார்த்து நான் சிரித்துவிட்டேன். அண்ணி என்னைத் திட்டினார். ரொம்ப நாள் கழித்து வந்த திட்டு. கேட்கவே சந்தோஷமாக இருந்தது. சோபாவில் கிடந்த மீட்டரை அவரே எடுத்து என்னிடம் நீட்டினார். "கொண்டா, குத்தித் தொலை" என்றார்.

பேக்கரி அக்கா ஒரு ஞாயிற்றுக்கிழமை கையில் ஒரு ரொட்டியோடு வந்தார். "தவிடு எடுக்காத மாவு. சர்க்கரை போடல. எடுத்ததும் திட்டாதீங்க" என்று மேஜையில் வைத்துவிட்டு, நேராக விஷயத்துக்கு வந்தார்.

"எனக்குப் பேக் ஸ்ட்ரோக் இன்னும் பாதிதான் தெரியும். மீதியை எப்ப சொல்லித் தருவீங்க?"

"புது டீச்சர் வருவாங்க."

"வந்தாங்க. நல்ல பொண்ணு. ஆனா ஏன்னு கேட்டா கோவப்படுது."

"என் கையே என் பேச்சைக் கேக்கல. நான் எப்படி உனக்குக் காட்டுவேன்?"

"காட்ட நான் இருக்கேன். நீங்க சொல்லுங்க, நான் செய்யறேன். மத்தவங்க என்னைப் பார்த்துக்கட்டும். கை என்கிட்ட இருக்கு. உங்ககிட்ட இருக்கறது வாய்தானே?"

"அந்த வாய்ல சத்தம் வரலையே" என்றார் அண்ணி. குரல் சின்னதாகிவிட்டது என்பதை அவர் வாயாலேயே ஒத்துக்கொண்டது அன்றுதான்.

மறுவாரமே குரல் பயிற்சிக்குப் போனார். அங்கே சொன்னது ஒன்றே ஒன்று: உங்களுக்குக் கத்துவது போலத் தோன்றும் அளவுக்குப் பேசுங்கள், கேட்பவர்களுக்கு அது சாதாரணமாகத்தான் கேட்கும். வீட்டில் தினமும் நீளமாக 'ஆ' என்று சத்தம் போட வேண்டும். முதல் நாள் அவர் போட்ட சத்தத்தில், எதிர்வீட்டு அம்மா கரண்டியும் கையுமாக ஓடி வந்துவிட்டார். உள்ளே நானும் அண்ணியும் எதிரெதிரே நிற்கிறோம். "இத்தனை வருஷம் ஒத்துமையா இருந்தீங்களேம்மா! என்ன ஆச்சு?" என்று அவர் பதறிப்போய்க் கேட்டார். நாங்கள் சிரித்த சிரிப்பில் விளக்கம் சொல்லவே நேரமாயிற்று. அன்றில் இருந்து அவர் வீட்டில் அந்தச் சத்தம் கேட்கவில்லை என்றால்தான், "இன்னைக்கு உடம்புக்கு என்ன?" என்று ஜன்னலில் இருந்து விசாரிப்பார்.

அண்ணி திரும்பவும் குளத்துக்குப் போனார். மேலாளரிடம் தன் நிபந்தனைகளைத் தானே சொன்னார். கரையில் நின்றுதான் சொல்லிக் கொடுப்பேன். தண்ணீரில் காப்பாற்றச் சான்றிதழ் வாங்கிய ஒருவர் உள்ளே இருந்தால்தான் வகுப்பு. நான் இறங்குவதென்றால் மார்பளவு தண்ணீருக்கு மேல் போகமாட்டேன், பக்கத்தில் ஆள் இல்லாமல் இறங்கமாட்டேன். அந்தச் சான்றிதழை முதல் ஆளாகப் போய் வாங்கி வந்தவர் பேக்கரி அக்கா. அதற்காக அந்தக் காலைகளில் கடையை மகளிடம் விட்டுவிட்டு வந்தார்.

எனக்கு அண்ணியிடம் ரொம்பப் பிடித்தது, புது மாணவிகளிடம் அவர் முதல் நாளே பேசுகிற பேச்சுதான். எதையும் மூடி மறைக்கமாட்டார்.

"எனக்குச் சுகர் இருக்கு. பார்க்கின்சனும் இருக்கு. கை ஆடும், பார்த்துப் பயப்படாதீங்க. நீங்க மூழ்கினா நான் குதிக்க மாட்டேன். குதிச்சா ரெண்டு பேரையும் தூக்கணும். அதுக்கு இவங்க இருக்காங்க. சொல்லித்தர நான் இருக்கேன். பிடிச்சா இருங்க. பிடிக்கலைன்னா, கவுன்ட்டர்ல என் நாத்தனார் உக்காந்திருப்பா, காசைத் திருப்பித் தருவா."

இதுவரை ஒருவரும் திருப்பி வாங்கவில்லை. வகுப்பில் சுகர் உள்ள பெண்கள் நிறைய. அவர்களுக்குத் தனியாக ஒரு பாடம் உண்டு. "நடுக்கம் வந்தா முதல்ல குத்திப் பாருங்க. மீட்டர் கையில இல்லைன்னா, வியர்த்துக் கண்ணு இருட்டுதுன்னா, யோசிக்காம இனிப்பை வாயில போடுங்க. ஆனா பார்த்தா சுகர் இறங்கவே இல்ல, கை மட்டும் ஆடுதுன்னா, டாக்டர்கிட்ட போய்ச் சொல்லுங்க. எல்லாப் பழியையும் சுகர் மேலேயே போடாதீங்க. நான் போட்டேன்." இதைக் கேட்டுப் பயந்துபோகிறவர்களிடம், நரம்பு டாக்டர் எனக்குச் சொன்னதையும் சேர்த்துச் சொல்வார்: பெரும்பாலானவர்களுக்கு இது வராது, நீந்துங்கள், நடங்கள், சுகரைப் பாருங்கள், போய் வேலையைப் பாருங்கள்.

இவையெல்லாம் நடந்து ஆறேழு வருடம் ஆகிவிட்டது. நோய் நின்றுவிட்டது என்று பொய் சொல்லமாட்டேன். இப்போது இடது கையும் லேசாக ஆடுகிறது. மருந்தின் வேகம் குறையும் நேரத்தில் சட்டைப் பொத்தான் போட முடியாமல் அண்ணனைக் கூப்பிடுவார். வாரத்தில் எல்லா நாளும் வகுப்பு எடுத்தவர், இப்போது இரண்டு காலைதான் எடுக்கிறார். சுகரை மட்டும் இன்றும் இம்மி பிசகாமல் பார்த்துக்கொள்கிறார். இரண்டு நோயையும் சேர்ந்து ஆட விடக்கூடாது என்பது அவர் கணக்கு.

போன வாரம் உடை மாற்றும் அறையின் வாசலில் அவருக்குக் கால் ஒட்டிக்கொண்டது. குறுகலான இடங்களில் அப்படி ஆகும். பாதம் தரையில் பசை போட்ட மாதிரி நின்றுவிடும், தாளமாக எண்ணினால்தான் பிரியும். பின்னால் வகுப்பு முடிந்து வந்த பெண்கள் ஈரத்தோடு வரிசையில் நிற்கிறார்கள். ஒருத்தி உதவி செய்வதாக நினைத்துக் கையைப் பிடித்து இழுக்கப் போனாள்.

"இழுக்காத" என்றார் அண்ணி. "டிராஃபிக் ஜாம். ஹாரன் அடிச்சாலும் நகராது. எல்லாரும் சேர்ந்து ஒண்ணு ரெண்டு சொல்லுங்க."

வாசலில் நின்ற பெண்கள் எல்லாரும் ஒரே குரலில், வகுப்பில் கால் உதைப்பதற்கு எண்ணுவது போல, "ஒண்ணு, ரெண்டு, ஒண்ணு, ரெண்டு" என்று எண்ணினார்கள். அண்ணி வலது காலைப் பெரிதாகத் தூக்கி வைத்தார். அடுத்து இடது காலை. வாசலைத் தாண்டி உள்ளே போய், பெஞ்சில் உட்கார்ந்து, துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டே, "நாளைக்கு வகுப்பு இல்லைன்னு வீட்ல சும்மா உக்காந்துடாதீங்க, நடங்க" என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்.